பீச்சாங்கைக்காரிக்கு ஒரு வலக்கை கிட்டார்: பதினொரு மாதம் கழித்து

கண்டியில் பழைய வாத்தியங்கள் விற்கும் ஒரு மாடிக்கடையில், போன சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு இந்தக் கிட்டாரை வாங்கினேன். சொன்ன விலை 48,000 ரூபா, பேசி முடித்தது 42,000. கூடவே சத்தத்தைப் பெருக்கும் 10 வாட் அம்ப் ஒன்று, 14,000. கிட்டாரின் தலையில் கம்பெனிப் பெயர் இல்லை. யாரோ சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். உருவம் டெலிகாஸ்டர் என்கிற எலக்ட்ரிக் கிட்டாருடையது. ஒரே பலகையில் வெட்டிய உடம்பு, நான்கு ஸ்குரூவில் பூட்டிய கழுத்து, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப் இரண்டு, மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று. நிறம் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது.

நான் மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் எலக்ட்ரீஷியன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவள் மகள். சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் கிட்டார் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். அவள் பீச்சாங்கைக்காரி. சோறு மட்டும் ஆத்தாவின் அதட்டலுக்குப் பயந்து வலக்கையால் தின்பாள், மற்றதெல்லாம் இடக்கைதான். கடைக்காரரிடம் இதைச் சொன்னதும், “இடக்கைக் கிட்டாரா, அதெல்லாம் கிடைக்காது அண்ணே. இதையே கம்பியைத் தலைகீழாக மாற்றிப் போட்டுத் தாரேன், 3,000 குடுங்க” என்றார்.

வேண்டாம் என்றேன். காரணம் ஜோ ஸ்ட்ரம்மர்.

பங்க் என்ற முரட்டு ராக் பாட்டு வகையில் பேர் போன லண்டன் குழு த கிளாஷில் பாடியவர். பிறவியில் இடக்கைக்காரர். ஆனால் கிட்டாரை எல்லாரையும் போல வலப்பக்கமாகவே பிடித்தார். கெட்டிக்காரக் கை கழுத்தைப் பிடித்தது, கெட்டித்தனம் இல்லாத கை கம்பியை அடித்தது. தனிக்கம்பி நோண்டும் வேலையெல்லாம் அவருக்கு வராது, ஆறையும் சேர்த்து வெளுப்பார். ‘ஸ்ட்ரம்மர்’ என்று பெயர் வைத்துக்கொண்டதே அதனால்தான். பெற்றோர் வைத்த பெயர் ஜோன் கிரஹாம் மெலர்.

இவரை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1998இல் நான் புறக்கோட்டையில் ஒரு கசெட் கடையில் வேலைக்கு நின்றேன். தோட்டத்துப் பையன்கள் கொழும்புக் கடைகளில் நிற்பது ஊரறிந்த கதை. ஒரு நாள் யாரோ வெளிநாட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணிய சாமானோடு ஒரு பெட்டி கசெட் வந்தது. எல்லாவற்றையும் அழித்து மேலே தமிழ்ப் பாட்டுப் பதியச் சொன்னார் முதலாளி. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம் போட்டுக் கேட்பேன். ஒன்றை மட்டும் அழிக்க மனம் வரவில்லை, சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அது கிளாஷின் ‘லண்டன் காலிங்’. ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் பாடின ஆளின் தொனி தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்களத்தில், அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டதற்குத் துரையோடு நியாயம் கேட்கிற சங்கத் தலைவரின் தொனி. தொண்டை கிழிந்தாலும் பரவாயில்லை என்று பேசுகிற பேச்சு. சொற்களெல்லாம் கையில் போன் வந்த பிறகுதான் தெரிந்தன.

சரி, கிட்டாருக்கு வருகிறேன்.

முதல் நாள் அம்பில் குத்தியதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறி மோட்டார் போடுகிற அதே சத்தம். 50 ஹெர்ட்ஸ், வேறென்ன. இந்த வகைப் பிக்அப்பில் ஒரே சுருள்தான் இருக்கும், அக்கம்பக்கத்து மின்சாரத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். ஓரளவு இரைச்சல் இயல்பு. ஆனால் கம்பியில் கை வைத்தால் குறைய வேண்டும். இதில் குறையவில்லை. திறந்து பார்த்தால், கம்பிகள் அடியில் உட்காரும் பிரிட்ஜ் தகட்டுக்குப் போகிற எர்த் வயர் அறுந்து தொங்குகிறது. முன்னாடி வைத்த ஈயம் சாம்பல் பூத்துப் பொருமிக் கிடக்கிறது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டினேன். பாதிச் சனியன் அதோடு போனது.

மீதிப் பாதிக்குத் தேயிலைச் சாக்கு உதவியது. ஏற்றுமதித் தேயிலை போடுகிற கடதாசிச் சாக்கில் உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். கிழிந்த சாக்கு ஒன்றை ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கேட்டு வாங்கி, வெட்டி, பிக்அப் உட்காரும் குழி முழுக்கப் பசையில் ஒட்டினேன். அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது. அதனால் வயர் நுனியில் வளையத் தகடு ஒன்றை நெரித்து, சின்ன ஸ்குரூவால் தாளோடு சேர்த்து மரத்தில் இறுக்கினேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு துண்டு மேலும் கீழுமாகப் படும் இடத்தில் கடதாசிப் பக்கம் நடுவில் வந்துவிடும், தொடர்பு அறுந்துவிடும். ஓரத்தை மடித்து வெள்ளி வெள்ளியைத் தொடும்படி வைக்க வேண்டும். மல்டிமீட்டர் மூலைக்கு மூலை ‘பீப்’ என்றால் வேலை முடிந்தது. இப்போது அடுப்பங்கரையில் டியூப் லைட் எரிந்தாலும் பெரிதாக இரைவதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எர்த் வயரை ஒட்டினால் கம்பியும் அதில் வைத்த விரலும் அம்பின் எர்த்தோடு சேர்ந்துவிடும். உங்கள் காம்பராவின், அதாவது வீட்டறையின், சொக்கட்டில் எர்த் ஒழுங்காக இல்லையென்றால் அது உயிரோடு விளையாட்டு. ட்ரிப் சுவிட்சை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் குத்துங்கள். பழைய லயங்களின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், வயரிங் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

இந்த உருவத்தை 1950 வாக்கில் வடிவமைத்த லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். கடைசிவரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. என்னைப் போன்ற ஆளுக்கு இது எவ்வளவு ஆறுதல்! திறந்து பார்த்தாலே தெரியும், திருத்துகிறவன் யோசித்துச் செய்த சாமான். கழுத்தைக் கழற்ற நான்கு ஸ்குரூ, உள்ளே மொத்தம் பத்துப் பன்னிரண்டு ஒட்டு. கீழே விழுந்தாலும் மகள் மாதிரியே ஒன்றும் ஆகாமல் எழுந்துவிடும்.

ஸ்ட்ரம்மரிடம் இருந்ததும் டெலிகாஸ்டர், 1966இல் செய்தது. அது அவர் கைக்கு வந்த விதம் அழகானது. 1975இல் அவர் லண்டனில் ஆளில்லாத வீட்டில் பூட்டை உடைத்துக் குடியிருந்த கூட்டத்தோடு இருந்தார். தென்னாபிரிக்கப் பெண் ஒருத்திக்குப் பிரித்தானியக் குடியுரிமை வேண்டியிருந்தது. அவளுக்காகப் பெயருக்கு ஒரு கலியாணம் பண்ணிக்கொண்டார், அதில் கிடைத்த காசில் கிட்டார் வாங்கினார். குடியுரிமைக்காக எத்தனை தாள் எழுதின சனம் நாங்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் எங்கள் தாத்தாமார் நாடற்றவர்களாக நின்றவர்கள். ஒரு கையெழுத்தில் ஒருத்திக்கு நாடும் ஒருவனுக்குக் கிட்டாரும் கிடைத்த கதையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும். அந்தக் கிட்டாரை அப்புறம் காருக்கு அடிக்கும் பெயின்டால் கறுப்பாக்கினார். சாகும்வரை அதைத்தான் அடித்தார். 2007இல் ஃபெண்டர் கம்பெனி அதே மாதிரி, தேய்ந்து உரிந்த பெயின்டோடு, அவர் பெயரில் ஒரு கிட்டார் விட்டது. புதுச் சாமானைத் தேய்த்துப் பழசாக்கி விற்பது என்ன கூத்தோ. என்னுடையது காசு கொடுக்காமலே உரிந்திருக்கிறது.

அவரைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. தகப்பன் வெளிநாட்டு அலுவலகத்தில் உத்தியோகம். மகன் பிறந்தது 1952இல் துருக்கியின் அங்காராவில். தகப்பன் பிறந்ததோ இந்தியாவில், லக்னோவில். அதாவது எங்கள் ஆட்களைக் கப்பலேற்றிய அதே சாம்ராஜ்யத்தின் பிள்ளைகள். விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், மேடையில் கூலிக்காரன் பேச்சைப் பேசினார். கிளாஷ் 1977 ஜனவரியில் சிபிஎஸ் என்ற பெரிய கம்பெனியோடு ஒரு லட்சம் பவுணுக்குக் கையெழுத்துப் போட்டது. அன்றைக்கே பங்க் செத்தது என்று சொந்த ஆட்களே திட்டினார்கள். 1978இல் ஒரு பெரிய கூட்டத்தில் இத்தாலிய ஆயுதக் குழு ஒன்றின் பெயர் போட்ட சட்டையோடு வந்து நின்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. துவக்கும் அரசியலும் பக்கத்து வீட்டிலேயே நடந்ததைப் பார்த்த நாட்டில் இருப்பவனுக்கு அந்தச் சட்டை விளையாட்டாகத் தெரியாது.

ஆனால் அந்தக் கூட்டம் எது என்று பார்க்க வேண்டும். ஏப்ரல் 30, லண்டன் விக்டோரியா பூங்கா. நிறவெறிக்கு எதிராக ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான சனம் நடந்தே வந்து சேர்ந்த இடம். நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி, கிழக்கு லண்டனில் நம் பக்கத்து முகங்களை அடித்துக்கொண்டிருந்த காலம். நாலு நாள் கழித்து, மே 4ஆம் திகதி, அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளியை அதே கிழக்கு லண்டனில் தெருவில் குத்திக் கொன்றார்கள். பாட்டுப் பாடிக் கொலையை நிறுத்த முடியாது என்பது அந்த நாலு நாளில் தெரிந்தது. ஆனாலும் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ரம்மருக்கு அது வெறும் மேடைப் பேச்சில்லை. அவருடைய சொந்த அண்ணன் அந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்தவர், 1970இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்.

பெரிய வீட்டுப் பிள்ளை கூலிக்காரன் பக்கம் நின்றால் வேஷம் என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. கோ. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் வந்து நிலைமையைப் பார்த்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1930களில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினார், இருப்பிடம் அட்டன். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் அதற்கும் ஒரு படி மேல். கூட்டங்களில் நின்று பாடியே ஆள் சேர்த்தவர், அந்தப் பாட்டுகளை 1940இல் புத்தகமாகவும் போட்டார். அதே 1940 ஜனவரியில்தான் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். கிட்டாரும் அம்பும் இல்லாமல் ஒரு பெண் தோட்டம் தோட்டமாகப் பாடினதைச் சொன்னால் மகள் நம்பவில்லை. பங்க் என்றால் அதுதானே என்று நான் சொன்னேன். “அப்பா, எல்லாத்தையும் அதில கொண்டுபோய் முடிக்காதீங்க” என்றாள். சரிதான்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்அப் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி கேட்டால் பல் கூசும். ஆனால் ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்கும்போது ஒவ்வொரு கம்பியும் தனியாகக் காதில் விழுகிறது, குழைந்து போவதில்லை. கழுத்துப் பக்கத்துப் பிக்அப் மந்தம், இரண்டையும் சேர்த்த நடு நிலைதான் இவள் கைக்கு ஏற்றது. அம்பின் சத்தத்தை மூன்றுக்கு மேல் வைக்க முடியாது. எங்கள் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினால் எங்களுக்குக் கேட்கும். இவள் முதல் மாதம் முழுக்க அம்பில் குத்தாமலே வெறும் கம்பியில் பழகினாள். அதுவே கைக்கு நல்லதாகப் போயிற்று.

எங்கள் அப்பா தப்பு மேளம் அடித்தவர். மாசியில் காமன் கூத்து என்றால் இன்றைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து இவள் வாசிப்பதைக் கேட்டவர், “சுதி கிடக்கட்டும் ஆயி, அடி எங்க?” என்றார். அப்புறம் ஒரு குச்சியை எடுத்துப் படியில் தட்டித் தட்டி அவளுக்கு நடை சொல்லிக் கொடுத்தார். இரண்டு கிழமையில் அவளுடைய வலக்கை வேறு கையாகிவிட்டது. பழக்கம் இல்லாத கை, கெட்ட பழக்கமும் இல்லாத கை. கழுத்தில் ஓடுகிற இடக்கைக்கோ யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆக, பீச்சாங்கைப் பிள்ளைக்கு வலக்கைக் கிட்டார் வாங்கலாமா என்று கேட்டால், எங்கள் வீட்டில் சரிவந்தது. அடித்து வாசிக்கத்தான் ஆசை என்றால் தாராளமாக வாங்குங்கள். தனிக்கம்பி நுணுக்கம்தான் வேண்டுமென்றால் காத்திருந்து இடக்கைக் கிட்டாரே தேடுங்கள்.

சுதி கலைவதுதான் இதன் பெரிய வியாதி. தை மாதக் காலையில் கம்பி குளிரில் இறுகிச் சுதி ஏறியிருக்கும், பத்து நிமிஷம் வாசித்தால் கைச்சூட்டில் இறங்கும். அது எந்தக் கிட்டாருக்கும் உள்ளது. தப்பைத் தீயில் காட்டுகிற மாதிரி இதையும் அடுப்பில் காட்டேன் என்று அப்பா கேலி பண்ணுவார். ஆனால் இதில் மூன்றாம் கம்பியின் முறுக்காணியில் பல் தேய்ந்திருக்கிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் இளகிவிடும். கடைக்காரர் இரண்டு மாத உத்தரவாதம் என்று வாயால் சொன்னார், பில்லில் எழுதவில்லை. ஐந்தாவது கிழமை எடுத்துக்கொண்டு போனால், “அது குளிர்ப் பக்கம் அப்படித்தான் அண்ணே” என்றார். கண்டி என்ன பாலைவனமா? நோர்வூட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் வந்த ஒரு நாள் சம்பளமும் போனது. வாய் உத்தரவாதத்தை நம்பாதீர்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்.

கம்பி துருப்பிடிப்பதும் உண்டு. ஆனி, ஆடியில் மூடுபனி காம்பராவுக்குள்ளேயே வந்து குந்தியிருக்கும். அந்த மாதங்களில் ஒரு செட் கம்பி நாலு கிழமைதான். வாசித்து முடித்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவிய துணியால் துடைத்தால் ஆறு கிழமை வரும். சுவிட்ச் கரகரத்தது, ஸ்டோர் பெனலுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை ஒரு தடவை அடித்தேன், சரியாகிவிட்டது.

கரண்ட் போனால் இது வெறும் பலகை என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் 8, மகளிர் தினத்துக்கு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம். மகள் வாசிக்க, அவளுடைய கூட்டாளி ஒருத்தி சம்பளத்தைப் பற்றி எழுதிய பாட்டைப் பாடுவதாக ஏற்பாடு. இரண்டாவது அடியில் கரண்ட் கட். கம்பியை எவ்வளவு அடித்தாலும் முதல் வரிசைக்கே கேட்கவில்லை. அப்பா எழுந்து போய்த் தப்பை எடுத்து வந்தார். பாட்டு தப்போடு முடிந்தது, மகள் கிட்டாரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கை தட்டினாள். 1985இல் உடையப் போகிற காலத்தில் கிளாஷ் குழு அம்ப் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வட இங்கிலாந்து நகரங்களில் தெருவில் நின்று வாசித்தது. அவர்கள் எடுத்துப் போனது கரண்ட் வேண்டாத மரக்கிட்டார். புத்திசாலிகள். அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் இருப்பவர்கள் முதலில் மரக்கிட்டார் வாங்குவது நல்லது.

அந்தப் பாட்டில் வருகிற கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வருடக்கணக்காகக் கத்தினோம், 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. வருவதற்குள் சாமான் விலை அதைத் தின்றுவிட்டது. ஸ்ட்ரம்மரின் கடைசி மேடைகளில் ஒன்றும் சம்பளக் கணக்குக்குத்தான். 2002இல் பிரிட்டனில் தீயணைப்புக்காரர்கள் வருடத்துக்கு 30,000 பவுண் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், அதாவது கிட்டத்தட்ட 40 வீத உயர்வு. நவம்பர் 15 அன்று அவர்களுக்காக லண்டன் அக்டன் நகர மண்டபத்தில் வாசித்தார். கூட்டத்தில் நின்றவர் கிளாஷில் கூட இருந்த மிக் ஜோன்ஸ். இருவரும் ஒரே மேடையில் வாசித்து ஏறத்தாழ இருபது வருடம். பாட்டு நடக்கும்போதே அவர் மேடையேறி, ஒரு கிட்டாரை மாட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார். ஐந்து கிழமை கழித்து, டிசம்பர் 22ஆம் திகதி, ஸ்ட்ரம்மர் வீட்டில் இறந்து கிடந்தார். பிறவியிலேயே இருந்த இதயக் கோளாறு, யாருக்கும் தெரியாமல் இருந்தது. வயது 50. தீயணைப்புக்காரர்களுக்குக் கடைசியில் கிடைத்தது மூன்று வருடத்தில் 16 வீதம். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரம் அங்கேயும் இப்படித்தான்.

புது முறுக்காணி ஒரு செட் 4,500 ரூபா என்று கொழும்பில் விசாரித்து வைத்திருக்கிறேன், அடுத்த சம்பளத்தில் மாற்றலாம். கண்டிக் கடையில் இதே உருவத்தில் சிவப்பு ஒன்றும் தொங்குகிறது, போன கிழமையும் இருந்தது. கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பாருங்கள், பாம்பு மாதிரி திருகியிருக்கும். 30,000க்குத் தாரேன் என்றாலும் எடுக்காதீர்கள்.